மாத்திரையும் மகவும்

"குழந்தை வேண்டுமென்றால் முதலில் அந்த மாத்திரையை விட்டொழி" என்கிறார் என் அத்தை. பூசாரியிடம் போ, மந்திரித்துக் கொள் என்று கூறுபவரல்லர் அவர். எங்கள் திருமணமே புரோகிதரின்றி, தாலியின்றி, அவர் முன்னிற்க நடைபெற்ற சீர்திருத்தத் திருமணந்தான். அவரே இப்படிச் சொல்கிறார்! மாற்றார் வீட்டு மடமையைச் சாடுவது எளிது, தோழர்களே. நம் வீட்டுத் திண்ணையில் குந்தியிருக்கும் மடமையைப் பற்றி எழுதவே விழைகிறேன்.

எனக்கிருப்பது இருமுனைக் கோளாறு. ஒரு காலம் உறக்கமே வேண்டாத துள்ளல்; மறு காலம் எழுந்து முகம் கழுவவும் இயலாத சோர்வு. கல்லூரியின் இறுதியாண்டில் அது என்னைத் தாக்கிற்று. லித்தியம் என்னும் உப்பு கரையேற்றிற்று. அதன் பயனை 1949-இல் உலகுக்குக் காட்டியவர் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட். நான் இன்று வகுப்பறையில் நின்று பாடம் நடத்துவது அந்த உப்பின் துணையால். மணத்திற்கு முன்பே துணைவரிடம் இதைச் சொன்னேன். சொல்ல வழியின்றிப் பருப்பு டப்பாவுக்குள் மாத்திரையை ஒளித்துவைத்து விழுங்கும் பெண்கள் உண்டு. கருவுற்றதும், எவரையும் கேட்க இயலாமல், அஞ்சி அதை வீசியெறிபவர்களும் அவர்களே.

அச்சம் அடியோடு பொய்யா? அன்று! 1957 முதல் 1961 வரை விற்கப்பட்ட தாலிடோமைடு என்ற மருந்தால், கைகால் குறைபட்டுப் பிறந்த குழந்தைகள் பத்தாயிரத்துக்கும் மேல். மருந்து கருவைத் தாக்கக்கூடும். ஆனால் எந்த மருந்து, எவ்வளவு, எந்த வாரத்தில் என்று கேட்பதல்லவோ பகுத்தறிவு? இதே நோய்க்குத் தரப்படும் வால்புரோயேட்டைக் கருவுற்ற காலத்தில் உட்கொண்டால், 100 குழந்தைகளில் ஏறத்தாழ 10 பேருக்கு உடற்குறை. 30 முதல் 40 பேருக்கு வளர்ச்சியில் தடை. தாயாக விரும்புபவள் கூடியவரை தவிர்க்க வேண்டிய மருந்து அது. லித்தியத்தின் கணக்கு வேறு. 2017-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், குழந்தையின் இதயக் குறை 100-க்கு 1 என்ற அளவிலிருந்து 2-க்குச் சற்று மேலாக உயர்ந்தது. மருந்தின் அளவு கூடியபோது கேடும் கூடிற்று.

மறுதட்டில் வைக்க வேண்டியதும் உண்டு. லித்தியத்தைத் திடீரென நிறுத்தினால் நோய் விரைந்து மீளும். இந்நோயுள்ள பெண்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவரை, மகப்பேற்றுக்குப் பின் அது கடுமையாகத் தாக்குகிறது.

தோழரொருவர் கேட்டார்: "மன உறுதி இருந்தால் மாத்திரை எதற்கு?" நீரிழிவுக்காரரிடம் "கணைய உறுதி இருந்தால் இன்சுலின் எதற்கு?" என்று கேட்பாரா அவர்? ஆவியில்லை, ஆன்மாவில்லை என்று மேடைதோறும் முழங்குகிறார். மனத்தை மட்டும் உடலுக்கு வெளியே, உயரமான பீடமொன்றில் ஏற்றி வைக்கிறார். வேப்பிலை ஏந்தாத பூசாரி!

கருவின் மூளையும் முதுகுத் தண்டும் உருவாகும் குழல், கருத்தரித்த 28 நாள்களுக்குள் மூடிக்கொள்கிறது. நாள் தள்ளிப்போனதை ஒருத்தி உணர்வதற்குள் அக்காலம் பெரும்பாலும் கழிந்துவிடும். எனவே மருந்தை மாற்றுவதோ குறைப்பதோ, ஃபோலிக் அமிலம் தொடங்குவதோ கருவுறுமுன் நடக்கவேண்டும். அதுவரை கருத்தடை வேண்டும். பெண் விடுதலைக்குக் கருத்தடை தேவை என்று பெரியார் வற்புறுத்தினாரே, அதன் பொருள் எனக்கு இப்போதுதான் இவ்வளவு அருகில் வந்து நிற்கிறது.

மருத்துவரும் துணைவரும் நானும் கலந்து வகுத்தது இது. எல்லார்க்கும் இதுவே பொருந்தும் என்று கூறேன். லித்தியம் தொடரும், நோயைத் தாங்கும் மிகக் குறைந்த அளவில். கருவுற்ற காலத்தில் சிறுநீரகம் அதை விரைந்து வெளியேற்றுமாதலால் அடிக்கடி குருதி ஆய்வு. ஐந்தாம் மாத அளவில் குழந்தையின் இதயத்தைக் காட்டும் ஸ்கேன். லித்தியம் தாய்ப்பாலில் கலக்குமாதலால் புட்டிப்பால். உறக்கம் கெட்டால் என் நோய் தலைதூக்கும்; ஆகவே இரவுகளில் குழந்தைக்குப் பாலூட்டுபவர் வேறொருவர். அந்த இரவுகளுக்கான முறைப் பட்டியலைத் துணைவர் எழுதத் தொடங்கியிருக்கிறார். செவ்வாய், வெள்ளி இரண்டிலும் அத்தையின் பெயர் இருக்கிறது. அவரிடம் இன்னும் சொல்லவில்லை.