இருபது ரூபாய் சிவப்பு பாட்டில்

கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கடல் பக்கம் இறங்கினால் பிள்ளைச்சாவடி. பள்ளி விட்ட நேரம். தெருமுனைப் பெட்டிக்கடையில் ஐந்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்கின. சீருடைப் பையன் ஒருவன் இருபது ரூபாயை நீட்டி, "அக்கா, செவப்பு பாட்டில் ஒண்ணு" என்றான். பெயர்கூடச் சொல்லவில்லை. நிறமே போதுமாக இருந்தது.

அது 250 மில்லி எனர்ஜி டிரிங்க். "கொஞ்சம் காட்டு தம்பி" என்று வாங்கித் திருப்பினேன். எறும்பு சைஸ் ஆங்கில எழுத்து: சிறுவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டும் தாய்மார்களுக்கும், காஃபின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் இது ஏற்றதல்ல. தமிழில் சொன்னதும் பையன் முழித்தான். "நெஜமாவா? இதுலயா போட்டிருக்கு?" கடைக்கார அக்காவும் எட்டிப் பார்த்தார். "நான் தேதி மட்டுந்தாங்க பாப்பேன்."

இவர்களைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? லிட்டருக்கு 300 மில்லிகிராம் வரை காஃபின் சேர்க்கலாம், எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்கிறது விதி. அந்த எச்சரிக்கை ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும் என்பதும் விதிதான். சிப்ஸ் பாக்கெட்டைக் காட்டி, "இது சைவமா?" என்று கேட்டேன். பச்சைப் புள்ளியில் சட்டென்று விரல் வைத்தான் பையன். முன்பக்கம், ஒரே குறி, படிக்கவே தேவையில்லை. உப்பு எவ்வளவு என்று கேட்டபோது பாக்கெட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். பின்னால் 100 கிராமுக்குக் கணக்கு இருக்கிறது. கையில் இருப்பதோ ஒரு பிடி சிப்ஸ். வகுத்துப் பார்த்துவிட்டா பிள்ளைகள் பாக்கெட்டைப் பிரிப்பார்கள்?

சிலி நாட்டில் 2016 ஜூன் முதல், சர்க்கரையோ உப்போ கொழுப்போ எல்லை மீறினால் முன்பக்கத்தில் கறுப்பு எண்கோண முத்திரை கட்டாயம். அத்தகைய பண்டங்களைப் பள்ளிகளில் விற்கவும் தடை. முத்திரை விழுந்த இனிப்புப் பானங்களை வீடுகள் வாங்கும் அளவு ஏறத்தாழ 24 சதவீதம் குறைந்ததாக ஆய்வு சொல்கிறது. கறுப்பு முத்திரை இருக்கிறது, வேண்டாம் என்று பிள்ளைகளே தடுத்ததாகத் தாய்மார்கள் சொன்னதுதான் எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுகிறது.

இங்கேயும் விதி இல்லாமலில்லை. பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் சர்க்கரை, உப்பு, கொழுப்பு மிகுந்த பண்டங்களைப் பிள்ளைகளுக்கு விற்கக்கூடாது என்று 2020-லேயே வந்துவிட்டது. ஆனால் முன்பக்கக் குறிக்கு, நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் முன்வைத்த வரைவு நட்சத்திரங்களைப் பரிந்துரைத்தது. நோட்டில் டீச்சர் ஸ்டார் போட்டால் வீடு வரை ஓடிக் காட்டும் வயது இது. அந்தச் சிவப்பு பாட்டில் அரை நட்சத்திரமே வாங்கினாலும் பெட்டிக்கடைப் பையனுக்கு அது பாராட்டாகத்தான் தெரியும். அவனுக்கு வேண்டியது முன்பக்கத்தில் ஒரு கறுப்புக் குறியும், அதன் கீழே தமிழில் இரண்டு சொல்லும்.