மிலிட்டரி மாமா

எங்க பெரிய முதலியார்சாவடி மிலிட்டரி மாமா போய்ச் சேர்ந்துட்டார். ராணுவப் பொறியியல் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸ்ல இருந்தவர். 1971 போரைப் பத்திக் கேட்டா, "பாலம் போட்டோம், ரொட்டி தின்னோம்." அதுக்கு மேல ஒருத்தராலயும் கறக்க முடியலை.

ஓய்வுக்கப்புறம் மரக்காணம் உப்பளங்கள்ல ஆயில் எஞ்சின், பம்பு ரிப்பேர். அரிச்சுப்போன பம்பைத் திறந்து, துருவை நகத்தால சுரண்டிக் காட்டுவார்: "உப்பிட்டவரை உள்ளளவும் நினைம்பாங்க தம்பி. எனக்கு உப்பு அரிச்சாத்தான் சோறு!"

2011 டிசம்பர் 30, தானே புயல். விழுந்த மரங்களை வெட்ட ரம்பத்தோட முதல்ல இறங்கினது அவர்தான். உத்தரவெல்லாம் இந்தியில! பசங்களுக்கு ஒண்ணும் புரியலை, ஆனா வேலை நடந்துச்சு. அப்புறம் இரவல் ஜெனரேட்டர் மாட்டித் தெரு டேங்குக்குத் தண்ணி ஏத்தினார். கூலி என்ன மாமான்னா, டீ, சர்க்கரை தூக்கலா. அத்தை முறைச்சுக்கிட்டே நிப்பாங்க.