நெல்மூட்டை இருக்கிற வரைக்கும்தான் ஸ்டுடியோ

அறுப்பு முடிஞ்சு வைக்கோலும் கட்டியாச்சு. கை கொஞ்சம் ஓய்ஞ்சிருக்கிற இந்த நேரத்துல, போன புரட்டாசியில எங்க வீட்டு உள்ரூம்ல ஒரு ஸ்டுடியோ போட்ட கதையை எழுதிடறேன். ஸ்டுடியோன்னதும் பெருசா நினைச்சுக்காதீங்க. ஒரு மைக், ஒரு சின்னப் பெட்டி, ஒரு பழைய லேப்டாப், 18 நெல்மூட்டை. அவ்வளவுதான்.

எங்களுக்கு ஆறு மா நிலம், அதாவது ரெண்டு ஏக்கர். நாலு வருஷமா மெஷின் நடவுதான். ஆள் கிடைக்காத காலத்துல மெஷினைக் குறை சொல்ல மாட்டேன். ஆனா மெஷின் வந்ததும் நடவுப் பாட்டு நின்னு போச்சு. தண்ணி தேங்குற பள்ளக்கால் ஒரு மாவுக்கு மட்டும் இன்னும் கை நடவு. அதுல பாட ஆளுங்கன்னா எங்க அம்மா, சித்தி, எதிர்வீட்டு அத்தை, மூணே பேர். சித்திதான் எடுத்துக் குடுப்பாங்க, மத்த ரெண்டு பேரும் பின்பாட்டு. அம்மாவுக்கு 71, சித்திக்கு 66. இதைப் பதிஞ்சு வைக்காம விட்டா தப்புன்னு மனசு உறுத்திக்கிட்டே இருந்தது.

முதல்ல போனை வரப்புல வச்சு ரெக்கார்டு பண்ணிப் பார்த்தேன். காத்து பொரபொரன்னு அடிச்சதுதான் கேட்டுச்சு, பாட்டு எங்கேயோ தூரத்துல. அப்புறம் ஆன்லைன்ல 1,200 ரூபாய்க்கு ஒரு மைக் வாங்கி லேப்டாப்புல சொருகினேன். மழை பெய்யுற மாதிரி ஒரே இரைச்சல். சென்னையில வேலை பார்க்கிற அக்கா மகனுக்குப் போனைப் போட்டேன். அவன் கிட்டார் வாசிச்சு வீட்டுலயே பாட்டு பதியுறவன்.

"மாமா, அது கண்டென்சர் மைக். அதுக்கு 48 வோல்ட் கரண்ட் குடுக்கணும். லேப்டாப் ஓட்டையில அது வராது. நான் ஆயுத பூஜைக்கு வர்றேன், எதையும் வாங்காதீங்க"ன்னான்.

சொன்ன மாதிரியே வந்தான். அவன் கொண்டாந்ததை வரிசையா சொல்றேன், யாருக்காவது உதவும்.

ஒண்ணு, ஆடியோ இன்டர்ஃபேஸ். ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோன்னு கையடக்கமான சிவப்புப் பெட்டி. மைக்குல இருந்து வர்ற சின்ன சத்தத்தைப் பெருசாக்கி, கம்ப்யூட்டருக்குப் புரியுற எண்ணா மாத்தி, யூஎஸ்பி வழியா அனுப்புறது இதோட வேலை. ரெண்டு, ஷூர் எஸ்எம்58 மைக். 1966ல இருந்து வர்ற மாடல். மேடைக் கச்சேரியில நீங்க பார்த்திருப்பீங்க. இது டைனமிக் மைக், 48 வோல்ட் எல்லாம் தேவையில்ல. கண்டென்சர் நுணுக்கமாக் கேட்கும். ஆனா கோழி கூவுறது, பம்பு செட்டு, கோயில் ஸ்பீக்கர் எல்லாத்தையும் சேர்த்துக் கேட்கும். நம்ம ஊருக்குக் கிட்ட வச்சுப் பாடுற டைனமிக்தான் தோது. மூணு, காதை முழுசா மூடுற ஹெட்போன். நாலு, ஆடாசிட்டி சாஃப்ட்வேர். 2000ல இருந்து இலவசமாவே கிடைக்குது. பழைய லேப்டாப்புலயும் ஓடும்.

ரூம் விஷயத்துல எனக்கு ஒரு யோசனை இருந்தது. முட்டை அட்டையைச் சுவரெல்லாம் ஒட்டிடலாம்னேன். சிரிச்சான். முட்டை அட்டையால பெருசா பிரயோஜனம் இல்லையாம். கனமான, மெத்துன்னு இருக்கிற பொருள்தான் எதிரொலியை விழுங்குமாம். வீட்டைச் சுத்திப் பார்த்து, கையைத் தட்டித் தட்டிக் கேட்டுட்டு, குறுவை நெல்லை அடுக்கியிருந்த உள்ரூம்ல வந்து நின்னான். "மாமா, இதுதான் ஸ்டுடியோ." மத்த ரூம்ல தட்டினா டங்குன்னு திரும்புற சத்தம், அங்க சாக்குல போய் அடங்கிடுச்சு. மூட்டை இல்லாத பக்கம் ரெண்டு போர்வையைக் கொடியில தொங்க விட்டோம். ஆனா நாலு நாள்ல நெல்லு கொள்முதல் நிலையத்துக்குப் போயிடும். மூட்டை இருக்கிற வரைக்கும்தான் ஸ்டுடியோ.

மறுநாளே அவன் கிளம்பிட்டான். மூணு விஷயம் எழுதிக் குடுத்துட்டுப் போனான். மைக்குக்கும் வாய்க்கும் நடுவுல ஒரு சாண். மீட்டர் மைனஸ் 12 டெசிபலைச் சுத்தியே இருக்கணும், பூஜ்யத்தைத் தொட்டா சத்தம் உடைஞ்சிடும், அப்புறம் சரி பண்ண முடியாது. மூணாவது, ரெக்கார்டு பண்ணின ஒரிஜினல் வேவ் ஃபைலைத் தொடவே கூடாது, வெட்டுறது ஒட்டுறது எல்லாம் காப்பியிலதான். இதை மட்டும் ரெண்டு கோடு போட்டிருந்தான்.

அம்மாவை நாற்காலியில உட்கார வச்சேன். ஃபேனை நிறுத்தினேன், லேப்டாப் சார்ஜரையும் பிடுங்கினேன். சார்ஜர் இருந்தா 'ம்ம்ம்'னு ஒரு உறுமல் சேர்ந்து வந்தது. அம்மா ரெண்டு வரி பாடிட்டு நிறுத்திட்டாங்க.

"குந்திக்கிட்டு பாடுனா வரமாட்டேங்குதுடா. உன் சித்தி எடுத்துக் குடுத்தா வரும்."

சித்தியையும் அத்தையையும் கூட்டிட்டு வந்தேன். அப்பவும் சரியா அமையல. சித்திதான் சொன்னாங்க, "போயி நாத்து முடி நாலு எடுத்தாடா"ன்னு. பள்ளக்காலுக்கு விட்டிருந்த நாத்தங்கால்ல பறிச்சு, சேத்தை அலசிக் கொண்டாந்து குடுத்தேன். முடியை இடது கையில பிடிச்சுக்கிட்டு மூணு பேரும் குனிஞ்சாங்க. வலது கை தானா நாத்தைப் பிரிச்சுது. பாட்டு வந்துடுச்சு! நான் ஓடிப்போய் மைக் ஸ்டாண்டை முழங்கால் உயரத்துக்கு இறக்கி, சித்தி வாய்க்கு ஒரு சாண்ல வச்சேன். அம்மாவும் அத்தையும் பின்னாடி நின்னாங்க. வயல்ல கேட்கிற மாதிரியே ஒரு குரல் கிட்ட, ரெண்டு குரல் தள்ளி.

மொத்தம் 52 நிமிஷம். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், மோனோ. 450 எம்பி கிட்ட வந்தது.

அப்புறம் ராத்திரி ராத்திரியா உட்கார்ந்து காப்பியில வேலை பார்த்தேன். ஆடாசிட்டியில நாய்ஸ் ரிடக்‌ஷன்னு ஒண்ணு இருக்கு. யாரும் பாடாத ரெண்டு செகண்டை அடையாளம் காட்டினா, அந்த இரைச்சலை மத்த இடத்துலயும் குறைச்சுடும். அதிகமாப் போட்டா குரல் தண்ணிக்குள்ள இருந்து வர்ற மாதிரி ஆயிடும், அதனால லேசாத்தான். நடுவுல இருமினது, பேசினது, சிரிச்சது எல்லாத்தையும் வெட்டிட்டு மூணு பாட்டு எடுத்தேன். சுத்தமா இருந்தது. எனக்குப் பெருமைன்னா பெருமை.

மார்கழியில சித்தி தவறிட்டாங்க. காய்ச்சல்னு படுத்தவங்க எழுந்திரிக்கல.

காரியம் முடிஞ்சு, திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கிற சித்தி மகன் எங்க வீட்டுக்கு வந்தான். மூணு பாட்டையும் போட்டுக் காட்டினேன். கேட்டுட்டு, "அண்ணே, அம்மா பேசுறது ஏதாவது இருக்கா?"ன்னான்.

ஒரிஜினலைத் திறந்து தேடினேன். 20வது நிமிஷம் தாண்டி இருந்தது. "ஏண்டா, வேர்த்து ஊத்துது, அந்த ஃபேனைப் போட்டாத்தான் என்னடா? என் மவன் இருந்தா இந்நேரம் விசிறியாவது எடுத்தாந்து வீசியிருப்பான்"ன்னு சித்தி குரல். அப்புறம் மூணு பேரும் சிரிக்கிற சத்தம்.

ஹெட்போனைக் கழட்டாம தம்பி ரொம்ப நேரம் குனிஞ்சே உட்கார்ந்திருந்தான். "இதை மட்டும் எனக்கு இப்பவே அனுப்புண்ணே. பாட்டை அப்புறம் அனுப்பு"ன்னான்.

சுத்தம் பண்றேன்னு நான் வெட்டிப் போட்டது அது. மருமகன் ரெண்டு கோடு போட்டு எழுதலேன்னா ஒரிஜினல் மேலேயே சேவ் பண்ணியிருப்பேன். இப்ப அது ரெண்டு ஹார்டு டிஸ்க்ல இருக்கு. ஒண்ணு எங்க வீட்டுல, ஒண்ணு அக்கா வீட்டுல.

அம்மாவும் அத்தையும் இன்னும் இருக்காங்க. சித்தி மாதிரி எடுத்துக் குடுக்க வராதுன்னு அம்மா சொல்றாங்க. பரவால்ல, பேசட்டும். உள்ரூம் இப்ப காலியாத்தான் கெடக்கு, தட்டினா டங்குங்குது. குறுவை நெல்லு வர்ற வரைக்கும் காத்திருக்கப் போறதில்ல. வர்ற ஞாயித்துக்கிழமை நாலு போர்வையைக் கட்டிட்டு அம்மாவை உட்கார வைக்கப் போறேன். ஃபேனும் ஓடட்டும்.