இளகும் கருப்பட்டி

"படத்துல பிளாஸ்டிக் எதுவும் விழுந்துடாம பாத்துக்கோ" என்று சொல்லித்தான் நண்பர் என்னை அனுப்பியிருந்தார். மதுரையில் இயற்கை அங்காடி வைத்திருக்கிறார். கருப்பட்டிப் பெட்டியின் மேல் ஒட்ட நாலு படமும் நாலு வரியும் வேண்டும். சென்ற ஆண்டு யாரிடமோ வாங்கி விற்ற கருப்பட்டியில் பாதிக்கு மேல் சீனி என்று தெரிந்து, வாடிக்கையாளர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தவர் அவர். இந்த முறை காய்ச்சுகிற இடத்தையே பார்த்துவிட்டு வாங்குவதென்று முடிவு. அவரால் கடையை விட்டு நகர முடியாது. என்னால் ஓர் இடத்தில் இருக்க முடியாது. அதனால் நான் கிளம்பினேன்.

உடன்குடியைத் தாண்டி, குதிரைமொழித் தேரியை ஒட்டிய பனங்காட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது சித்திரை மாதத்து வானம் இன்னும் வெளுக்கவில்லை. தேரி மண் குங்குமச் சிவப்பு என்பார்கள். அந்த நேரத்தில் கறுப்பாகத்தான் கிடந்தது. கணுக்கால் வரை உள்ளே இழுக்கிற மணல். பத்தடி நடப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. அதற்குள் பனையேறி அண்ணாச்சி நாலாவது பனையில் இருந்தார். அவர் இறங்கி வந்தபோது இடுப்பில் முதலில் என் கண்ணில் பட்டது மஞ்சள் நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் கேன்.

நான் பார்ப்பதை அவரும் பார்த்துவிட்டார்.

"எங்க அய்யா சுரைக்குடுவையில எறக்குனாவ. நான் இதுல எறக்குதேன். விழுந்தாலும் ஒடையாதுல்லா, தம்பி."

மற்றபடி அவர் உடம்பிலும் மரத்திலும் இருந்த எதுவும் மண்ணைக் கெடுக்கக்கூடியது அல்ல. காலைப் பிணைத்திருந்த தளைநார், மரத்தில் சாய்த்து முதல் எட்டு வைக்க உதவும் முருக்குத்தடி, இடுப்பில் அருவாப்பெட்டி, பாளையைப் பக்குவப்படுத்தி நெரிக்கும் கடிப்பு, உச்சியில் கட்டிய மண் கலயம். பதனியை வடிகட்டுவதற்குக்கூட மரமே துணி நெய்து கொடுத்திருக்கிறது: மட்டையின் அடியில் வலைபோலப் பின்னிக்கிடக்கும் பன்னாடை. நல்லதைக் கீழே விட்டுவிட்டுக் குப்பையைப் பிடித்துக்கொள்வதால்தான் அந்தப் பெயர் நம் ஊரில் வசவாகிப்போனது. உண்மையில் அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது.

வடிகட்டியதை ஓலைப்பட்டையில் ஊற்றிக் கொடுத்தார். "மொதல்ல குடிங்க, பொறவு கேளுங்க."

குடித்தேன். கேட்டேன். இருபத்தைந்து பனை ஏறுகிறார். காலையில் ஏறிப் பதனி இறக்குவது, மாலையில் ஏறிப் பாளை சீவுவது. ஒரு நாள் சீவாமல் விட்டால் பாளை காய்ந்து அடைத்துக்கொள்ளும். அதனால் மாசி முடிந்து மரம் சுரக்கத் தொடங்கியதிலிருந்து ஆடி வரை கல்யாணம், சாவு எதற்கும் வெளியூரில் தங்க முடியாது. மரம் சராசரி நாற்பது அடி என்று வைத்தால், நாளொன்றுக்கு ஐம்பது ஏற்றம், 2,000 அடி. திருச்சி மலைக்கோட்டையின் உயரம் 83 மீட்டர். அதை ஒரு நாளில் ஏழு முறைக்கு மேல், படி இல்லாமல், கட்டிப்பிடித்தபடி ஏறி இறங்குவதற்குச் சமம். அவருக்கு வயது அறுபத்திரண்டு. நெஞ்சில் மரம் உரசிய இடம் செருப்புத் தோல்போல் காய்த்திருக்கிறது.

ஏறுவதற்குக் கருவிகள் வந்திருக்கின்றனவே என்று கேட்டேன். "தென்னைக்குச் சரி. பனையில மேல போயி கருக்குக்குள்ள நொழைஞ்சு சுத்தி வரணும்லா? அது உச்சி வரைக்கும் கொண்டுபோயி விடும். அதுக்குப் பொறவு யாரு?" பனை மட்டையின் இரு ஓரமும் ரம்பம்போல் இருக்கும். அதுதான் கருக்கு. அவருடைய முழங்கைகளில் அது எழுதிய கோடுகளை எண்ணிப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தது. தடவினால் பதனி, தடவாவிட்டால், பொழுது ஏறுவதற்குள் அதுவே கள். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. பனையேறியின் நாணயம் முழுக்க இந்த ஒரு விரல் சுண்ணாம்பில்தான் தொங்குகிறது. குறைந்தால் புளித்துப்போகும், சட்டமும் பாயும். கூடினால் நாக்கு எரியும், வியாபாரி கழிப்பான். அளவு சொல்லுங்கள் என்றதற்குக் கையை விரித்துக் காட்டிவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்விட்டார்.

விடிலிக்குள் நுழையக் குனிய வேண்டும். பனை ஓலையால் வேய்ந்த காய்ச்சும் குடில் அது. உள்ளே அக்கா, அண்ணாச்சியின் மனைவி, உடைமர விறகைத் தள்ளிக்கொண்டிருந்தார். நான் போனதும் புகை என் பக்கமே திரும்பியது. பத்து நிமிடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றேன். அவர் முப்பத்தைந்து வருடமாக உள்ளேயே இருக்கிறார்.

பனையேறுவதைப் பற்றி எழுதுகிறவர்கள் மேலேயே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நானும் அப்படித்தான் வந்தேன். ஆனால் கருப்பட்டி கீழே, இந்தப் புகைக்குள்தான் பிறக்கிறது. பதனி முதலில் அழுக்கு நுரை தள்ளும். அதை அள்ளி எறிய வேண்டும். பிறகு பால்போலப் பொங்கி வரும். அப்போது கொட்டமுத்தை, அதாவது ஆமணக்கு விதையை, நசுக்கி ஒரு சிட்டிகை போட்டார். பொங்கியது அப்படியே அடங்கியது. அதற்குப் பிறகு கொப்புளங்கள் பெரிதாகி, மெதுவாக, கனமாக வெடிக்கின்றன. நிறம் தேனிலிருந்து புளிக்கரைசலுக்கு மாறுகிறது. துடுப்பால் துழாவிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நிமிடம் அயர்ந்தால் அடிப்பிடித்து அன்றைய இருபத்தைந்து மரமும் வீண். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்த்தார். உருளவில்லை. இன்னும் கொஞ்ச நேரம். மறுபடி ஒரு சொட்டு. உருண்டது. சட்டியை இறக்கி, துழாவி, நனைத்து வரிசையாக வைத்திருந்த சிரட்டைகளில் ஊற்றினார். தேங்காய்ச் சிரட்டைதான் அச்சு. அரை உருண்டையாக இருப்பதற்கு வேறு காரணம் ஒன்றும் இல்லை.

ஏறக்குறைய எட்டு லிட்டர் பதனிக்கு ஒரு கிலோ கருப்பட்டி. மிச்சமெல்லாம் ஆவி. அந்த ஆவியை விரட்ட இரண்டு மூன்று மணி நேர விறகு. இதைக் கண்ணால் பார்த்த பிறகு சீனிக் கருப்பட்டி ஏன் வந்தது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. பாகில் சீனியைக் கொட்டினால் சீக்கிரம் இறுகும், விறகு மிச்சம், எடை பெருகும். மழைக்காலத்தில் இளகாது, கடைக்காரருக்கும் தொல்லையில்லை.

"எங்கள்ட்டயே வந்து கேட்டாங்க தம்பி, சீனி நாங்க தாரோம், நீங்க காச்சி மட்டும் குடுங்கன்னு. இவிய வேண்டாம்னுட்டாவ. எனக்கு அப்ப கோவந்தான் வந்துச்சு. இப்பவும் சில நாளு வரும்."

இதை அவர் மறைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. நேர்மையான பொருள் என்று பெட்டியின் மேல் அச்சடிப்பது எளிது. அந்த நேர்மைக்கு ஒவ்வொரு நாளும் இரண்டு மூன்று மணி நேரம் புகை குடிக்கிறவருக்கு அதன்மேல் கோபம் வராமல் இருந்தால்தான் அதிசயம். அவர்களுடைய மகன் சென்னையில் ஒரு மளிகைக் கடையில் வேலை பார்க்கிறான். அங்கே விற்பது எந்தக் கருப்பட்டி என்று நான் கேட்கவில்லை. "அந்தக் கருப்பட்டிதான்" என்று அவரே சொல்லிச் சிரித்தார்.

தஞ்சாவூரில் பிறந்து, லண்டனில் கணக்குத் தணிக்கையும் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளியலும் படித்துவிட்டு, காந்தியிடம் போய்ச் சேர்ந்த ஜே.சி. குமரப்பா இந்தப் பனைக்காக வாதாடியவர். கரும்பு நல்ல வயலையும் தண்ணீரையும் எடுத்துக்கொள்கிறது. பனை தரிசில், யாரும் தண்ணீர் ஊற்றாமல் நிற்கிறது. இனிப்பைப் பனையிடம் வாங்கிக்கொண்டு வயலை நெல்லுக்கு விடலாமே என்பது அவர் கேள்வி. நிலைத்த பொருளாதாரம் பற்றிய அவருடைய நூல் வந்தது 1945இல். தணிக்கையாளர் அல்லவா, கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. மண்ணும் நீரும் மிச்சம் என்கிற அந்தக் கணக்கில் ஏறுகிறவரின் முட்டியையும் காய்ச்சுகிறவரின் நெஞ்சையும் எந்தப் பத்தியில் எழுதுவது என்றுதான் விடிலி வாசலில் நின்றபோது எனக்குத் தெரியவில்லை.

மரத்தைக் காக்க அரசாங்கம் ஒன்றும் செய்யாமல் இல்லை. 1978இல் பனை மாநில மரமானது. 2021இல் வந்த முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் 30 மாவட்டங்களுக்கு 76 லட்சம் பனை விதைகளும் ஒரு லட்சம் கன்றுகளும் அறிவித்தார்கள். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்றார்கள். நல்லதுதான். நட்ட விதை பாளை விடப் பதினைந்து வருடமாவது ஆகும். அதுபற்றிக் கேட்டபோது அண்ணாச்சி மணலில் கோடு போட்டுக்கொண்டே சொன்னார்: "மரம் நிக்கும் தம்பி. அதுபாட்டுக்கு நிக்கும். இந்தக் காட்டுல ஏறுத ஆளு என்னைச் சேத்து மூணு பேரு."

விலை பேசினேன். அக்கா சொன்னது சீனி விலையைப்போலப் பல மடங்கு. நண்பரிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை, பிறகு சரி என்றார். ஓலைப்பெட்டியில் கட்டித் தரச் சொல்லிக் கேட்டார். அது பக்கத்துத் தெருவில் முடைகிற இன்னொரு பெண்ணின் உழைப்பு, அதற்குத் தனி விலை. அதற்கும் சரி என்றார். கருப்பட்டியை உடைத்துக் காட்டச் சொன்னேன். உள்ளே கற்கண்டு மினுக்கம் இல்லை. மங்கலாக, ஈரமண்போல இருந்தது. எனக்கென்று தனியாக இரண்டு கிலோ வாங்கிக்கொண்டேன். "அடுப்புக்கு மேல பரண்ல போட்டு வையுங்க, பொகை பட்டா கெடாது" என்று அக்கா சொல்லி அனுப்பினார்.

எடுத்த படங்களில் நன்றாக விழுந்தது மஞ்சள் கேனோடு அண்ணாச்சி நிற்கிற படம்தான். நண்பர் அதைப் போடவில்லை. சிரட்டைகளில் பாகு ஊற்றுகிற கை மட்டும் இருக்கிற படம் பெட்டிமேல் வந்தது. யாருடைய கை என்று எழுத இடம் இல்லை.

எங்கள் அடுக்ககத்தில் பரண் ஏது? அடுப்புக்கு மேலே புகை உறிஞ்சும் கருவி இருக்கிறது. டப்பாவில் போட்டு வைத்திருந்தோம். ஐப்பசி மழையில் ஒரு நாள் திறந்தால் இரண்டு கிலோவும் வேர்த்து, ஒன்றோடொன்று ஒட்டி, அடியில் பாகு தேங்கிக் கிடந்தது. ஏமாந்துபோய்விட்டாய் என்றாள் மனைவி. போன் செய்தேன். அக்காதான் எடுத்தார்.

"எளகுச்சா? அப்ப நம்ம கருப்பட்டிதான். சீனின்னா கல்லு மாதிரி இருந்திருக்கும்லா. வெயிலு வந்ததும் எடுத்துக் காய வையுங்க."

அண்ணாச்சியிடம் கொடுக்கச் சொன்னேன். பருவம் முடிந்துவிட்டது, கொத்து வேலைக்குப் போயிருக்காவ, சாரத்துல ஏறணும்லா, ஏறுத ஆளுன்னு கூட்டிட்டுப் போயிருக்காங்க என்றார்.