மீதி எழுநூறு

எங்க வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் மூன்று வருஷத்துக் காலண்டர்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்குகின்றன. சில தேதிகளைச் சுற்றி நீல மையில் வட்டம், வட்டத்துக்குள் ஓர் எண். 4. 6. 9. ஏதோ வீட்டுக்கணக்கு என்று நினைத்து நான் கண்டுகொள்ளவில்லை. மே மாதம் ஒரு ராத்திரி, தோசை சாப்பிட்டுக்கொண்டே கேட்டேன்.

"நீங்க கராஜ்ல இருந்த நேரம்," என்றாள் மனைவி. "மணிக்கணக்கு. கூட்டிப் பாருங்க."

கூட்டினேன். 703.

அதுவரை ஆபீஸில் எல்லோரிடமும் ஒரே கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். 1,30,000 டாலர் படகை வாங்காமல் 14,000 டாலரில் முடித்த கதை. யாரும் என்னிடம் மணிக்கணக்கு கேட்டதில்லை.

ஆரம்பம் மகளிடமிருந்துதான். அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. தோழியின் குடும்பத்தோடு ஏரிக்குப் போனவள் நீர்ச்சறுக்கு பழகிவிட்டு வந்தாள். இரண்டு தோளும் சிவந்திருந்தன. "அப்பா, தண்ணி மேல நின்னேன். நிஜமா நின்னேன். நாமளும் ஒரு போட் வாங்கலாமா?" அவள் அதற்கு முன் அப்படி எதையும் கேட்டதில்லை. அந்த வயதில் பிள்ளைகள் அப்பாவிடம் எதையாவது கேட்பதே அபூர்வமாகிவிடுகிறது. நான் உடனே சரி என்றேன்.

நாங்கள் இருப்பது மின்னசோட்டாவின் தென்கிழக்கில். முக்கால் மணி நேரம் காரில் போனால் லேக் பெப்பின். மிஸிஸிப்பி ஆறு அகன்று ஏரியாக நிற்கிற இடம். அங்கே லேக் சிட்டி என்ற சின்ன ஊரில்தான் நீர்ச்சறுக்கு பிறந்தது. ரால்ஃப் சாமுவேல்சன் என்ற பையன், பனியில் சறுக்க முடியுமென்றால் தண்ணீரில் ஏன் முடியாது என்று யோசித்திருக்கிறான். பீப்பாய்ப் பலகை, பனிச்சறுக்குக் கட்டை என்று ஒவ்வொன்றாகக் கட்டிப் பார்த்து எல்லாவற்றிலும் முழுகினான். கடைசியில் இரண்டு பைன் பலகை வாங்கி, முனையைக் கொதிநீரில் ஊறவைத்து மேல்நோக்கி வளைத்தான். 1922 ஜூலை 2, பத்தொன்பதாவது பிறந்தநாளுக்கு முந்தின நாள், பின்னால் சாய்ந்து முனையைத் தூக்கிப் பிடித்தபோது நின்றுவிட்டான். படகை ஓட்டியது அவன் அண்ணன். அவன் காப்புரிமை எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை. அதை 1925ல் வேறொருவர் எடுத்தார்.

இரண்டு பலகை, ஒரு கயிறு, ஓர் அண்ணன். அவ்வளவில் ஆரம்பித்த விளையாட்டு.

அந்தச் செப்டம்பரில் ஷோரூமுக்குப் போனேன். பளபளவென்று நின்ற படகின் விலையைக் கேட்டேன். வரி நீங்கலாக 1,30,000 டாலர். அருகில் அலைச்சறுக்குக்கான பெரிய படகு ஒன்று நின்றது. அதன் விலைச்சீட்டைப் பார்த்துவிட்டு மறுபடி பார்க்கவில்லை. இரண்டு லட்சத்துக்கும் மேலே. விற்பனையாளர் சிரித்த முகத்தோடு கால்குலேட்டரைத் தட்டினார். இருபது சதவீதம் முன்பணம், மீதிக்கு இருபது வருஷக் கடன், எட்டு சதவீத வட்டி. மாதம் 870 டாலர்.

இங்கே ஏரியில் படகு விடக்கூடிய நாட்கள் வருஷத்துக்கு நாலு மாதம். மற்ற எட்டு மாதமும் படகு பிளாஸ்டிக் உறைக்குள் தூங்கும். கடனுக்குத் தூக்கம் கிடையாது. கடன் முடியும்போது எனக்கு 65 வயது, மகளுக்கு 32.

ஏன் இவ்வளவு விலை என்று வீட்டுக்கு வந்து படித்தேன். ஃப்ளோரிடாவின் கரெக்ட் கிராஃப்ட் 1961ல் ஸ்கீ நாட்டீக் படகைக் கொண்டுவந்ததிலிருந்து, ஸ்கீ படகுக்கு ஒரே லட்சியம்தான்: பின்னால் விடுகிற அலை முடிந்தவரை சின்னதாக இருக்க வேண்டும். படகு மணிக்கு 36 மைல் வேகத்தில் இழுக்க, சறுக்குபவர் அந்த அலையை வெட்டித் தாண்டுகிறார். பெரிய அலை முழங்காலை உடைக்கும். பிறகு வேக்போர்டு வந்தது, அப்புறம் அலைச்சறுக்கு. அதற்கு நேர்மாறான படகு வேண்டும். தொட்டிகளில் ஆயிரக்கணக்கான பவுண்டு தண்ணீரை நிரப்பி, படகைக் கனமாக்கி, வேண்டுமென்றே பெரிய அலை எழுப்ப வேண்டும். கோபுரம், தொடுதிரை, கம்ப்யூட்டர் எல்லாம் கூடவே வந்தன. காசும் அந்தப் பக்கம் போனது. ஸ்கீ படகு சிலருக்காக மட்டும் செய்கிற பொருளாயிற்று. 2010 முதல் புது எஞ்சின்களுக்குப் புகை விதிகள் இறுகின. 2020ல் கொரோனாவில் வீட்டுக்குள் அடைந்த எல்லோரும் ஒரே நேரத்தில் ஏரிக்கு ஓடினார்கள். ஏறிய விலை இறங்கவில்லை.

பெரிய அலைக்கு வேறொரு விலையும் உண்டு. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் ஆய்வகம் 2022ல் அளந்து பார்த்தது. சாதாரணப் படகு கரையிலிருந்து 200 அடி தள்ளிப் போனால் போதுமென்றால், அலைச்சறுக்குப் படகு 500 அடிக்கு மேல் தள்ளிப் போக வேண்டுமாம். சின்ன ஏரிகளில் அவ்வளவு இடத்துக்கு எங்கே போவது?

மாதம் 870 என்று பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் புலம்பினேன். லேக் சிட்டிக்காரர். முப்பது வருஷம் பள்ளிக்கூட பஸ்களை ரிப்பேர் செய்து ஓய்வு பெற்றவர். அவர் ஒன்றும் சொல்லாமல் தன் லாரியில் என்னை ஏற்றிக்கொண்டு ஒரு சோளக்காட்டுக்குப் போனார். கொட்டகையில், கோழி எச்சத்துக்கு நடுவில், 1986ஆம் வருஷத்து ஸ்கீ படகு ஒன்று நின்றது. விலை 3,500 டாலர். முன்பெட்டியில் பிளாஸ்டிக் கவருக்குள் பழைய ரசீது இருந்தது: 16,900. பணவீக்கத்தைச் சேர்த்தால் இன்றைக்குச் சுமார் 48,000. ஷோரூம்காரர் சொன்னதோ அதைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல்.

பெரியவர் படகுக்குள் ஏறிச் சுத்தியலின் பிடியால் தரையைத் தட்டினார். டங், டங், டங். பிறகு எஞ்சின் பக்கத்தில், தொப். "கேட்டுச்சா?" என்றார். எனக்கு எதுவும் புரியவில்லை.

ஸ்ட்ரிங்கர் என்பது படகின் அடியில் நீளவாக்கில் ஓடுகிற கட்டை. எஞ்சின் அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கும். அந்தக் காலத்துப் படகுகளில் அது மரம், மேலே ஃபைபர் கிளாஸ் போர்வை. எங்கேயோ ஒரு திருகாணி ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கினால் உள்ளே உளுத்துப்போகும், வெளியே ஒன்றும் தெரியாது. தரையை அறுத்து எடுத்தபோது அடியில் இருந்த நுரை, நனைந்த மெத்தை மாதிரிக் கனத்தது. ஸ்ட்ரிங்கர் மரத்தைக் கையாலேயே அள்ளினேன். கறுப்பாக, ஈரத் தேயிலைத்தூள் மாதிரி.

முதல் இரண்டு மாதம் மகள் கூடவே இருந்தாள். திருகாணிகளைப் பிரித்துப் பழைய ஊறுகாய் பாட்டில்களில் போட்டு லேபிள் ஒட்டினாள். பெரியவர் அவளை 'ஃபோர்மேன்' என்றுதான் கூப்பிடுவார். பிறகு கிரைண்டர் வேலை ஆரம்பித்தது. ஃபைபர் தூசி நுரையீரலுக்கு ஆகாது. ரெசின் வாடை அதைவிட மோசம். பனிக்காலத்தில் ரெசின் இறுக வேண்டுமென்றால் கராஜைச் சூடாக வைக்க வேண்டும், கதவைத் திறந்துபோட முடியாது. முகமூடி மாட்டிக்கொண்டு நான்தான் அவளிடம் சொன்னேன்: "நீ உள்ளே வராதேம்மா. முடிஞ்சதும் கூப்பிடறேன்."

முடிய ஒன்றரை வருஷம் ஆயிற்று.

அந்த ஒன்றரை வருஷம் எனக்கு நன்றாக இருந்தது என்பதை மறைக்கக் கூடாது. உடம்பெல்லாம் கண்ணாடி நார் அரிப்பு, ஆனாலும் ராத்திரி படுத்தவுடன் தூக்கம் வந்தது. ஃபோர்டின் 351 வி-8 எஞ்சினைப் பிரித்துக் கோர்க்கக் கற்றேன். காருக்குப் போடுகிற ஆல்டர்னேட்டர் மலிவு என்று வாங்கிவந்தேன். பெரியவர் அதைத் திருப்பிக் கொடுக்க வைத்தார். படகின் அடிவயிற்றில் பெட்ரோல் ஆவி தங்கும், ஒரு பொறி போதும், படகுக்கென்று மூடிச் செய்த பாகம்தான் போட வேண்டும் என்றார். பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி அனுப்பியவரின் கவனம் அது. பதிலுக்கு நான் கொடுத்ததெல்லாம் சனிக்கிழமை மெதுவடை.

703ஐக் கூட்டிய ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. படகுப் பட்டறையில் கூலி மணிக்கு நூறு டாலருக்குக் குறையாது. எழுநூறு மணிக்கு 70,000. கையிலிருந்து போன 14,000ஐச் சேர்த்தால் 84,000. இன்று இந்தப் படகை விற்றால் 15,000 கிடைத்தால் பெரிது. பழைய படகு மலிவு என்று சொல்ல ஒரே வழி, என் நேரத்துக்கு விலை பூஜ்யம் என்று எழுதுவது. பெரியவரின் நேரத்தை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை.

புதுப் படகு வாங்கியிருந்தாலும் கொடுத்திருக்கப்போவது நேரத்தைத்தான். இருபது வருஷம், மாதாமாதம் 870 டாலருக்கான ஆபீஸ் மணிகள். வேலை போய்விடுமோ என்ற பயம் தனி. ஆனால் அந்த மணிகள் எப்படியும் ஆபீஸுக்குப் போகிறவை. இந்த 703 அப்படியில்லை. சனி, ஞாயிறு, டிசம்பர் விடுமுறை. அவை மகளுடையவை. அவள் கேட்டதை அவளுக்குக் கொடுக்க, அவளிடமிருந்தே எடுத்திருக்கிறேன்.

இதை மனைவியிடம் சொன்னேன். "இப்பவாவது புரிஞ்சுதே," என்று விளக்கை அணைத்தாள்.

ஜூனில் படகைத் தண்ணீரில் இறக்கினோம். எஞ்சினைக் கிளப்புமுன் அடிவயிற்று ஆவியை வெளியேற்ற நாலு நிமிஷம் விசிறி ஓட வேண்டும். அந்த நாலு நிமிஷமும் யாரும் பேசவில்லை. பிறகு வி-8 பிடித்தது. பெரியவர் தொப்பியைக் கழற்றினார்.

மகளிடம் ஸ்கீயை நீட்டினேன். அவளுக்கு இப்போது பதினாலு. என்னைவிட ஓர் அங்குலம்தான் குறைவு. "எனக்கு இப்போ அதுல இன்ட்ரஸ்ட் இல்லப்பா," என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். கொஞ்ச நேரம் கழித்து, "நான் வேணா ஓட்டறேன். பர்மிட் எடுத்துட்டேன்," என்றாள். ஆன்லைனில் படித்துப் பரீட்சை எழுதியிருக்கிறாள். எங்கள் யாருக்கும் தெரியாது.

பெரிய எஞ்சின் என்பதால், அந்த வயதுக்கு, கைக்கெட்டும் தூரத்தில் பெரியவர் ஒருவர் இருப்பது நல்லது. பக்கத்து வீட்டுக்காரர் அவள் அருகில் உட்கார்ந்தார். சறுக்குபவரைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். மனைவி பின்பார்த்து உட்கார்ந்தாள். மிச்சமிருந்தது நான்தான். 47 வயதில், நீச்சல் அரைகுறை, லைஃப் ஜாக்கெட்டோடு தண்ணீரில் குதித்தேன்.

நாலு தடவை விழுந்தேன். மூக்கு வழியாக மிஸிஸிப்பி போனது. "இழுக்காதே," என்று கத்தினார் பெரியவர். "கையை நீட்டு. காலை மடக்கு. படகு உன்னை இழுக்கும்." மகள் ஒவ்வொரு தடவையும் படகைச் சுற்றிக் கொண்டுவந்து கயிற்றை என் கைக்கே சேர்த்தாள். அவசரமே படவில்லை. ஐந்தாவது தடவை எழுந்தேன். எட்டு நொடி இருக்கும். பின்னால் அலை அதிகம் இல்லை. முன்னால், கண்ணாடியில் என்னைப் பார்க்கிற அவள் முகம். பிறகு விழுந்தேன்.

அன்று ராத்திரி ஃபிரிட்ஜ் கதவைப் பார்த்தேன். அந்தத் தேதியைச் சுற்றிச் சிவப்பு வட்டம். உள்ளே −3.

மகள் பதினெட்டில் கல்லூரிக்குப் போவாள். நாலு கோடை, கோடைக்குப் பதினைந்து வாரம், வாரத்துக்கு மூன்று மணி நேரம். 180. எப்படிப் போட்டாலும் 703 தீராது. மனைவிக்கும் அது தெரியும். ஆனாலும் கீழே சின்னதாக எழுதியிருந்தாள்: மீதி 700.

ஞாயிற்றுக்கிழமை மழை என்கிறார்கள். மகள் சனிக்கிழமையே போகலாமா என்று கேட்டிருக்கிறாள்.