ரேவனஸ் எங்கிருந்து வந்தது?

பக்கத்து வீட்டுப் பையன் வேலைக்கு விண்ணப்பம் எழுதிவிட்டு, இங்கிலீஷைக் கொஞ்சம் பார்த்துத் தரச் சொன்னான். உங்கள் நிறுவனத்தில் பணியாற்ற நான் ‘ரேவனஸ்’ ஆக இருக்கிறேன் என்று நடுவில் ஒரு வரி. இரையைக் கண்ட ஓநாய்க்குச் சொல்கிற சொல் அது. “ஏன்டா, கம்பெனியைக் கடிச்சுத் தின்னப் போறியா?” என்றேன். “இல்ல மாமா, ‘வெரி ஹங்ரி’ன்னு எழுதுனா வீக்கா இருக்குமாம். சென்டர்ல லிஸ்ட் குடுத்திருக்காங்க” என்று ஜெராக்ஸ் தாள் ஒன்றை எடுத்து வந்து காட்டினான்.

இடப்பக்கம் ‘வெரி டயர்ட்’, வலப்பக்கம் ‘எக்ஸாஸ்டட்’. அதற்குக் கீழே ‘வெரி பிக்’குக்கு ‘இம்மென்ஸ்’, ‘வெரி ஸேட்’டுக்கு ‘மொரோஸ்’ என்று தாள் நிறைய ஜோடிகள். வாட்ஸாப்பில் எல்லோரும் பார்த்திருக்கக்கூடிய பட்டியல்தான். முதலில் இதை எழுதியவர் யார் என்று தெரிந்துகொள்ள ஆசை வந்துவிட்டது. சென்டர் ஆசிரியரைக் கேட்டேன். முன்பு வேலை பார்த்த சென்டரிலிருந்து கொண்டு வந்ததாம்.

துப்பு கொடுத்தது ‘மொரோஸ்’. 1989இல் பீட்டர் வியர் இயக்கிய ‘டெட் பொயட்ஸ் சொசைட்டி’ படத்தில், ராபின் வில்லியம்ஸ் நடித்த இலக்கிய ஆசிரியர் வகுப்பில் இதையேதான் சொல்வார். ‘வெரி’ என்பது சோம்பேறிச் சொல், களைப்புக்கு எக்ஸாஸ்டட், சோகத்துக்கு மொரோஸ். சிறந்த திரைக்கதைக்கு ஆஸ்கர் வாங்கிய படம். வசனம் ஊர் ஊராகப் போனதில் வியப்பில்லை. ஆனால் மொரோஸ் என்பது பெருஞ்சோகம் இல்லை. யாரோடும் ஒட்டாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும் உம்மணாமூஞ்சித்தனம். படத்தில் அந்தச் சொல்லை எடுத்துக் கொடுப்பவன் ஒரு மாணவன். ஆசிரியர் சபாஷ் போட்டுவிடுகிறார், அவ்வளவுதான். அன்றிலிருந்து உலகத்துச் சோகமெல்லாம் சிடுசிடுப்பாகிவிட்டது.

படத்துக்கு முன்னால் போனால் எந்த வழியும் பீட்டர் மார்க் ரோஜே வீட்டு வாசலில்தான் முடிகிறது. 1779இல் லண்டனில் பிறந்த மருத்துவர். இருபது ஆண்டுகளுக்கும் மேல் ராயல் சொசைட்டியின் செயலாளர். செங்குத்தான இடுக்குகளின் வழியே பார்க்கும்போது உருளும் சக்கரத்தின் ஆரக்கால்கள் ஏன் வளைந்து தெரிகின்றன என்று 1824இல் கட்டுரை படித்தவர்; சினிமா வரலாறு எழுதுகிறவர்கள் இன்றும் அதைத் தொடாமல் போவதில்லை. 1805இல், மான்செஸ்டரில் மருத்துவராக இருந்தபோது, தன் எழுத்து வேலைக்காகச் சொற்களை இனம் பிரித்து ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டார். அதைப் பெருக்கித் ‘தெசாரஸ்’ என்ற பெயரில் அச்சுக்குக் கொடுத்தது 1852இல், 73 வயதில்.

நான் புரட்டியது கட்டணமில்லாமல் இணையத்தில் கிடைக்கும் 1911 பதிப்பை. அகராதி போல அகர வரிசை கிடையாது, கருத்து வரிசை. ஆயிரம் தலைப்புகள், ஆறு பெரும் பிரிவுகள். களைப்புக்கு அடுத்த தலைப்பு இளைப்பாறுதல், பெருமைக்கு அடுத்தது சிறுமை. ‘வெரி’ உட்கார்ந்திருப்பது 31ஆம் எண்ணில், பெருமைக்குக் கீழே. ‘வெரி’யைத் தொடர்ந்து அதன் பங்காளிகள் வரிசை கட்டி நிற்கிறார்கள், அதுவும் வகை பிரித்து. வேதனை அளவில் மிகுதி என்று ஒரு வகை: ‘பெயின்ஃபுல்லி’, ‘ட்ரெட்ஃபுல்லி’, ‘டெரிப்ளி’, ‘ஹாரிப்ளி’. மூர்க்க அளவில் மிகுதி, வியப்பு அளவில் மிகுதி என்று இன்னும் சில. ஆங்கிலத்தில் மிகுதியைச் சொல்ல எத்தனை சொற்கள் வலியிலிருந்தும் அச்சத்திலிருந்தும் கடன் வாங்கியவை என்பது அந்தப் பக்கத்தில் பளிச்சென்று தெரிகிறது. ‘டெரிஃபிக்’ என்பதை மில்டன் 1667இல் பாம்பின் பிடரிமயிருக்குச் சொன்னபோது அதற்கு அஞ்ச வைப்பது என்றுதான் பொருள். இன்று டெரிஃபிக் காபி குடிக்கிறார்கள். நாமும் ‘பயங்கர டேஸ்ட்’ என்று சொல்லிக்கொண்டுதானே சாப்பிடுகிறோம்.

ரோஜேயின் புத்தகத்தில் எந்தச் சொல்லுக்கும் பொருள் விளக்கம் கிடையாது. ஒரே கூட்டத்துச் சொற்களுக்குள் என்ன வேறுபாடு என்று ஆராய்வது தன் வேலை இல்லை என்று முன்னுரையிலேயே விலகிக்கொள்கிறார். சொல் தெரியும், சமயத்தில் வாய்க்கு வரவில்லை என்று தவிக்கிறவருக்கான புத்தகம் அது. முதலில் அவரே அப்படிப்பட்டவர். ‘ரேவனஸ்’ என்பதை அதுவரை கேட்டே இராத ஒருவன் கையில் அந்தச் சரக்கைக் கொடுக்கும்போது என்ன ஆகும் என்று அவர் யோசித்திருக்க வாய்ப்பில்லை. ஜெராக்ஸ் தாள் அந்தக் கூட்டத்தையும் கலைத்துவிட்டது. பத்துச் சொற்களுக்கு நடுவில் பார்த்தாலாவது ஒரு சொல்லின் குணம் கொஞ்சம் பிடிபடும். தாளிலோ ஒன்றுக்கு ஒன்று, பண்டமாற்று.

அதே முன்னுரையின் அடிக்குறிப்பு ஒன்றில் ரோஜே தன் முன்னோடிகளைச் சொல்கிறார். அவர் அறிந்ததிலேயே பழையது அமரகோசம்! அமரசிம்மன் செய்த சமஸ்கிருத நிகண்டு. கோல்புரூக் ஆங்கில மொழிபெயர்ப்போடு 1808இல் வங்காளத்துச் செராம்பூரில் அச்சிட்ட பதிப்பை அவர் குறிப்பிடுகிறார். மதிப்பெண் மட்டும் கறாராகப் போடுகிறார். சொர்க்கம், தேவர், தீ, காற்று, வேகம் எல்லாம் ஒரே பிரிவில் வருகின்றனவாம், ஒழுங்கே இல்லையாம். இயற்கைப் பொருள்கள் பற்றிய பகுதி மட்டும் பரவாயில்லையாம். செய்யுளாகக் கட்டியதை மனப்பாடம் செய்கிறவனுக்கு வரிசையின் தர்க்கம் பெரிய விஷயமில்லை என்பதை அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை என்று நினைக்கிறேன்.

நம் திவாகரமும் இந்த இனம்தான். பன்னிரண்டு தொகுதி. தெய்வப் பெயரில் தொடங்கி, எட்டாவதாகப் பண்பு பற்றிய பெயர்களுக்கு வரும். திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் சூடாமணி நிகண்டைப் பாடம் பண்ணியது பாட்டைப் படித்துப் பொருள் கொள்வதற்காக. தெரியாத சொல்லிலிருந்து தெரிந்த சொல்லுக்கு வருகிற பாதை அது. சென்டர் தாள் அதே பாதையில் எதிர்த்திசையில் போகச் சொல்கிறது, கூட வர ஆளும் இல்லை.

நிகண்டுகளுக்கெல்லாம் முந்திய தொல்காப்பிய உரியியலில் இந்தத் திசை பற்றித் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. எல்லோருக்கும் விளங்கும் சொற்களை விட்டுவிடலாம். பழக்கமில்லாத சொல்லைப் பழகிய சொல்லோடு சேர்த்து விளக்க வேண்டும். அப்படித்தான் உறு, தவ, நனி மூன்றுக்கும் மிகுதி என்று பொருள் வருகிறது. நன்று என்பதற்குப் பெரிது என்று பொருள். ‘நல்ல அடி வாங்கினான்’ என்கிறோமே, அந்த நல்ல.