கண்ணை மூடினால் ஆஸ்பத்திரி! - சித்தியுடன் ஒரு தியானப் பயணம்

"உட்காரவே தெரியாதவ, ஊருக்கு எப்படிடி உட்காரச் சொல்லித் தர்றது?"

அவலூர்பேட்டை சித்தகிரி முருகன் கோயில் படியில் உட்கார்ந்து என் சித்தி கேட்ட கேள்வி இது. பதில் தெரியாமல், கையிலிருந்த மல்லாட்டையை உரித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கம் வேர்க்கடலைக்கு அதுதான் பெயர்.

சித்திக்கு 43 வயது. ஒரு தையல் மெஷின், ஒரு துண்டு நிலம், படிக்கிற இரண்டு பிள்ளைகள். சித்தப்பா போய் இரண்டு வருடமாகிறது. குனிந்து குனிந்து தைத்ததில் வந்த இடுப்புவலிக்காக யோகா வகுப்புக்குப் போனவரிடம், "உங்களுக்கு உடம்பு நல்லா வளையுதே, டீச்சராகலாமே" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். செயினை அடகு வைத்து, திருவண்ணாமலையில் 200 மணி நேர யோகா ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்துவிட்டார். இந்த 200 மணி நேரக் கணக்கு பதஞ்சலி சொன்னதல்ல. அமெரிக்காவின் 'யோகா அலையன்ஸ்' வைத்த அளவுகோல், உலகம் முழுக்கப் பரவிவிட்டது. நம் நாட்டில் ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ் யோகா சான்றிதழ் வாரியம் தனியாகத் தேர்வு நடத்துகிறது. சேரும் முன் எந்தச் சான்றிதழ் தருவார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சித்தி கேட்கவில்லை!

ஆசனத்தில் அவருக்குச் சிக்கலே இல்லை. முதல் நாள் அதிகாலையில் தியானம் என்று உட்கார வைத்தபோதுதான் வினை வந்தது. பதஞ்சலி சொன்ன எட்டு அங்கங்களில் ஆசனம் மூன்றாவது, தியானம் ஏழாவது. மூன்றாம் வகுப்பில் சேர்ந்தவரை அன்றைக்கே ஏழாம் வகுப்பிலும் உட்கார வைத்தால் எப்படி இருக்கும்? கால் மரத்துப்போவதோ தூக்கம் வருவதோ அவர் பிரச்னை இல்லை. கண்ணை மூடினால் சித்தப்பா படுத்திருந்த ஐசியூ வந்துவிடுகிறது. அந்த மெஷினின் 'பீப்' சத்தம்கூடக் கேட்கிறதாம்.

அந்தச் சனி, ஞாயிறு நான் ஊரில் இருந்தேன். "வா சித்தி, எங்காவது போய் உட்கார்ந்து பார்ப்போம்" என்று கிளம்பினோம். எங்கள் ஊருக்கு ஒரு பக்கம் திருவண்ணாமலை, இன்னொரு பக்கம் செஞ்சி. பௌர்ணமி என்றால் கிரிவலக் கூட்டம், அமாவாசை என்றால் மேல்மலையனூர் அங்காளம்மன் கூட்டம். நல்லவேளை, நாங்கள் போன நாள் இரண்டுமில்லை. பஸ்ஸில் ஜன்னல் சீட்டே கிடைத்தது.

சனிக்கிழமை ரமணாசிரமம். 1896 செப்டம்பர் 1 அன்று, 16 வயதில், வீட்டில் சொல்லாமல் கிளம்பித் திருவண்ணாமலைக்கு வந்தவர் ரமணர். அதன்பிறகு 1950 ஏப்ரலில் மறையும்வரை இந்த மலையடிவாரத்தை விட்டு அவர் போகவில்லை. அவர் இருந்த பழைய ஹாலில் யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். பாடம் இல்லை, கட்டணம் இல்லை. உள்ளூர்க்காரர், வெளிநாட்டுக்காரர் என்று எல்லோரும் சிலைபோல் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு ஐந்தாவது நிமிடமே ஆபீஸ் வாட்ஸ்அப் ஞாபகம். திரும்பிப் பார்த்தால் சித்தியைக் காணவில்லை. வெளியே மயில்களைப் பார்த்தபடி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அவங்கல்லாம் பெரியவங்க. எனக்கு வராதுடி. கட்டின பணத்தைத் திருப்பித் தருவாங்களா?" என்றார்.

மறுநாள் செஞ்சி. மராட்டிய ராணுவ நிலப்பரப்பு என்று யுனெஸ்கோ 2025-ல் பட்டியலிட்ட 12 கோட்டைகளில், தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். கோட்டை வாசலில் செல்ஃபி கூட்டம். நாங்கள் அங்கே நிற்காமல், ஊரையொட்டியுள்ள சிறுகடம்பூர் பக்கம் ஆட்டோ பிடித்தோம். அங்கேதான் திருநாதர்குன்று. மேலே ஒரு பெரிய பாறையின் முகத்தில் 24 தீர்த்தங்கரர்கள், வரிசைக்குப் பன்னிரண்டாக இரண்டு வரிசை. எல்லோரும் சம்மணமிட்டு, மடியில் கைவைத்து, அசையாமல். ஆசனப் புத்தகம் எதுவும் இவ்வளவு தெளிவாகக் காட்டாது.

அங்கே பாறையில் ஒரு பழைய கல்வெட்டும் உண்டு. ஏறத்தாழ 1,400, 1,500 ஆண்டுகளுக்கு முன் வெட்டப்பட்டது. சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் துறந்த இடம் இது என்பதுதான் செய்தி. தமிழ் எழுத்தின் வரலாற்றைப் படிப்பவர்களுக்கு மிக முக்கியமான கல்வெட்டு. இளையபடாரர் என்பவர் 30 நாள் நோன்பிருந்ததைச் சொல்லும் இன்னொன்றும் இருக்கிறது. இது சமணத் துறவிகளின் நோன்பு. யோகா வகுப்பில் சொல்லித்தரும் தியானம் வேறு, இது வேறு. இதையெல்லாம் ரிப்போர்ட்டர் தோரணையில் நான் சொல்லிக்கொண்டே போக, சித்தி நடுவில் நிறுத்தினார்.

"அம்பத்தேழு நாளா?"

"ஆமா சித்தி."

"அப்போ யாரோ பக்கத்துலயே இருந்து எண்ணியிருக்காங்க இல்ல?"

எனக்கு உடனே புரியவில்லை. "உங்க சித்தப்பாவுக்குப் பத்தொம்பது நாள். நான்தான் எண்ணினேன். வெளிய பெஞ்சுல உக்காந்து தினம் காலண்டர் பேப்பரைக் கிழிச்சு பையில வெச்சேன். இன்னும் அந்தப் பையிலதான் இருக்கு" என்றார்.

பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, பாறைக்கு எதிரே உட்கார்ந்தார். கண்ணை மூடவில்லை. அந்த உருவங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் நிறைந்து வழிந்தது, துடைக்கவில்லை. வெயில் ஏறி பாறை சுடத் தொடங்கியதும் எழுந்தார். நேரம் பார்த்தேன், 22 நிமிடம். எனக்கு நேரம் பார்க்கும் வேலைதான் வாய்த்தது.

அழுதது தியானமா என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. திங்கட்கிழமை பயிற்சி ஆசிரியரிடம் சித்தி எல்லாவற்றையும் சொன்னாராம். சேரும்போதே சொல்லியிருக்கலாமே என்று அவர் கடிந்துகொண்டாராம். தீபச் சுடரைக் கண் திறந்து பார்க்கும் திராடகம், மெதுவாக நடந்துகொண்டே காலடியைக் கவனிப்பது என்று இரண்டு வழி கொடுத்திருக்கிறார். பெரிய துக்கத்தைக் கடந்து வந்தவர்கள், மனநலச் சிகிச்சையில் இருப்பவர்கள் முதல் நாளே ஆசிரியரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். தேவைப்பட்டால் டாக்டரிடமும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

போன வாரம் சித்திக்கு மாதிரி வகுப்பு. பத்து பேரை உட்கார வைத்து பத்து நிமிடத் தியானம் நடத்த வேண்டும். எப்படிப் போனது என்று போனில் கேட்டேன்.

"எல்லாரும் கண்ணை மூடுங்கன்னேன். அப்புறம், மூட முடியாதவங்க தொறந்தே வெச்சுக்கலாம்னு சொன்னேன். மூணு பேரு தொறந்தாங்கடி" என்றார்.